என் தவளையும் அக்காவின் பூநாரையும்

மார்ச் 3, செவ்வாய்
என் தவளை அறையை மூடப்போகிறார்களாம். அக்காவின் பூநாரைகளுக்குத் தீவன மூட்டை வைக்க இடம் போதவில்லையாம். என்னிடம் இருப்பவை கட்டைவிரல் நீளத்தில் பன்னிரண்டு நீல நச்சுத் தவளைகள். எதிர்க் குளத்தில் என் தோள் உயரத்துக்கு ரோஜா நிறப் பறவைகள். கூட்டம் எங்கே போகும்? வெள்ளிக்கிழமை உயிரியல் பூங்கா இயக்குநர் வந்து முடிவு சொல்வார். அதற்குள் இரண்டையும் ஒப்பிட்டு நானும் அக்காவும் பார்வையாளர்களுக்கு ஒரு பலகை எழுத வேண்டும்.

மார்ச் 4
எழுதினேன். பூநாரை: ஒற்றைக் காலில் தூங்கும். நச்சுத் தவளை: தொட்டால் ஆள் காலி!

அக்கா படித்தாள். "ஏண்டி, நீ போடற பழ ஈயைத் தின்னா விஷம் எங்கேருந்து வரும்?"

உண்மைதான். காட்டில் எறும்பைத் தின்றால்தான் விஷம். இங்கே பிறந்தவை பரம சாது. அதற்காக விட்டுவிடுவேனா?

"உன் மகாராணிங்க மட்டும் பிறவியிலேயே சிவப்பா? தீவனத்துல அந்தச் சிவப்புப் பொடியைக் கலக்கலைன்னா வெளுத்துப்போயிடும்!"

மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

மார்ச் 5
அக்கா பேசவில்லை. நான் மட்டும் பேசுவேனா?

மார்ச் 6, வெள்ளி
கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வித்தை காட்டினேன். இயக்குநர் நடுங்கிப்போனார். தொட்டியைத் திறந்ததுதான் தாமதம் — ஒரு தவளைப் பயல் எகிறி அவர் வழுக்கையில் உட்கார்ந்தான்.

"ஐயோ, போச்சு! என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க..."

தரையில் சரிந்து நாடி பிடித்துப் பார்க்கிறார். பயத்துலயே போய்ச் சேர்ந்துட்டார்னா? அறையாவது மண்ணாவது!

"சார், விஷமே இல்ல சார். நான்தான் சும்மா பயமுறுத்தினேன்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தாள்.

"என் பறவைங்க நிறமும் மூட்டையில வர்றதுதான் சார். அவளை மட்டும் திட்டாதீங்க."

மார்ச் 7
முடிவு தெரியவில்லை. இயக்குநர் நாலு தடவை தலைக்குக் குளித்தாராம்.

மார்ச் 16
புதுப் பலகையில் இருவர் குட்டும் வெளிப்பட்டுவிட்டது: நிறமும் விஷமும் தின்பதைப் பொறுத்தே. படித்தவர்கள் குளத்துக்கும் என் அறைக்குமாக ஓடுகிறார்கள். "நானே ஒரு நிமிஷம் செத்துப் பொழைச்சேன்" என்று இயக்குநர் பெருமையாகத் தலையைத் தடவிக் காட்டுகிறார்.

சாயங்காலம் நானும் அக்காவும் தீவன மூட்டைகளை என் அறைக்குப் பதிலாக இயக்குநர் அறைக்குள் அடுக்கினோம். அவர் நாற்காலிக்கு மட்டும் இடம் விட்டோம்.