உன் தேநீர்ப் பெட்டியில் என் முகம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியம் என்பதை நீ அனுப்பும் படங்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன், அப்படியே இருங்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதெல்லாம் கிடக்கட்டும். நமக்கு நேர் கீழே முதல் மாடியில் இருக்கும் தையல் அத்தைக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. உன் பள்ளிக்கூட டிராயரிலிருந்து முதல் வேலைக்கு நீ போட்டுக்கொண்டு போன சட்டை வரைக்கும் தைத்த கை அது. இப்போது ஒரு ஸ்பூனைப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

போன வருஷம் உனக்கு வேலை போனபோது, சொந்தமாக ஏதாவது செய்கிறேன் என்று நீ கேட்டாயே, "அம்மா, ஆபீஸ்ல எல்லாருக்கும் மூலிகை டீ போட்டுக் கொடுப்பியே, ஒண்ணு விடாம சொல்லு" என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொலைபேசி நிலையத்துக் கேன்டீனில் இருபத்தாறு வருஷம் கொதிக்கவைத்ததையெல்லாம் ஒரு பிள்ளை மதித்துக் கேட்கிறானே என்று மூன்று நாள் உட்கார்ந்து சொன்னேன். காலையிலிருந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிப் பேசித் தொண்டை கட்டி வரும் பெண்களுக்கு அதிமதுரமும் இஞ்சியும், வயிறு உப்பிசம் என்பவர்களுக்குச் சோம்பு, தலைபாரத்துக்குப் புதினா, வெயிலில் வந்தவர்களுக்குச் செம்பருத்திப் பூ. அதில் எதையும் நான் மருந்து என்று ஒருநாளும் சொன்னதில்லை, இதமாக இருக்கும் என்றுதான் சொல்வேன். மூன்று நாளில் தொண்டை திறக்கவில்லையென்றால் டாக்டரிடம் போ என்று விரட்டிவிடுவேன். அதிமதுரம் இனிக்கிறது என்று மாசக்கணக்கில் குடித்த ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, அவள் லீவில் போனதையும் உனக்குச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் அம்மா என்றாய். நீ எதை எழுதிக்கொண்டாய், எதை விட்டுவிட்டாய் என்பது நீ விற்க ஆரம்பித்த டீப் பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பச்சை நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. நான் இஞ்சி தோல் சீவுவதுபோல் மருமகள் எடுத்த படம் முன்பக்கம் முழுக்க. அதற்குக் கீழே, இருபது வருஷ ரத்த அழுத்தத்தை மாத்திரையே இல்லாமல் என் அம்மா வென்ற ரகசியம், தினம் மூன்று வேளை, சர்க்கரை சேர்க்காத இயற்கை இனிப்பு என்று அச்சடித்திருந்தாய். அந்த இனிப்பு அதிமதுரம் என்று எனக்கு நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. நான் தினம் காலையில் பல் தேய்த்ததும் பிரஷர் மாத்திரை போடுகிறவள் என்பது உனக்குத் தெரியாதா? போன தடவை வந்தபோது பார்மசியில் வாங்கிக் கொடுத்தவனே நீதானே? அன்றைக்கே போன் செய்து கேட்டிருக்க வேண்டும். அப்பா பெட்டியை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார், லேத்துப் பட்டறையில் வேலை செய்த நாற்பது வருஷத்தில் அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். நீ அனுப்பிய மீதிப் பெட்டிகளை அவர் கட்டிடம் முழுக்க வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் மாடிப்படியில் தையல் அத்தை என்னை நிறுத்தினாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, கையில் உன் பெட்டி. "அக்கா, நெசமாவே மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்றாள். பக்கத்தில் அப்பா காய்கறிப் பையோடு நிற்கிறார், மேல்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இறங்குகிறார். பெற்ற பிள்ளையைப் பொய்யன் என்று நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வேன்? "ஆமா" என்றேன். ஒரே ஒரு சொல். "அப்ப எனக்கும் விடிவுகாலம்தான், அந்த மாத்திரை போட்டா துணி தெக்கவே முடியல, தலை சுத்துது" என்று சிரித்துக்கொண்டே போனாள். நானும் மேலே வந்து அடுத்த நாள் காலையில் வழக்கம்போல என் மாத்திரையை விழுங்கினேன். பிறகு ஒருநாள் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்றைக்கு நாளைக்கு என்று நாற்பது நாள் ஓடிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தையல் மிஷின் சத்தம் பாதியில் நின்றது, பிறகு அவள் மகள் அலறினாள். போய்ப் பார்த்தால் மிஷின் மேலேயே கவிழ்ந்து கிடக்கிறாள், ஊசி இன்னும் யாரோ பிள்ளையின் யூனிஃபார்ம் காலரில் குத்தியபடி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவள் மகள் பையிலிருந்து உன் பெட்டியை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார். "அதிமதுரமா? பிரஷர் இருக்கறவங்க மாத்திரையையும் நிறுத்திட்டு இதத் தினம் மூணு வேளை குடிச்சாங்களா?" என்றார். பெட்டியைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது நீங்கதானே? நீங்க மாத்திரையே போடறதில்லையா?" நான் போடுகிறேன் என்றேன், ஒருநாளும் விட்டதில்லை என்றேன். அந்தப் பெண் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன்.  அவளோ டாக்டரம்மா கையிலிருந்து பெட்டியை வாங்கி என் மடியில் வைத்து, "இத நீங்களே வெச்சுக்கோங்க பெரியம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்டது, "யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" அப்புறம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறாயாம், வக்கீல் அதுபோதும் என்கிறாராம். அந்த எழுத்தை நான் கண்ணாடி போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்தவள் கண்ணுக்கே அது தெரியவில்லை, யாருக்காக அச்சடித்தாய்? அப்பாவும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்று ஒருநாள் சொன்னார், அதோடு சரி. ஆனால் நான் கீழே நோட்டீஸ் பலகையில் என் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. பெட்டியில் இருப்பது நான்தான், நான் தினமும் மாத்திரை போடுகிறேன், யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ரிட்டயரான தபால்காரர் ஒரு மாசமாக மாத்திரையை நிறுத்தியிருந்தாராம், மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

அத்தை வீட்டுக்கு வந்த பிறகு தினமும் போகிறேன். முதல் நாலு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்தாம் நாள் குழறிக் குழறிக் கேட்டாள், "அன்னிக்கு ஏன்க்கா ஆமான்னு சொன்னீங்க?" என் பிள்ளைக்காக என்றேன், வேறென்ன சொல்ல.  "எனக்கும் புள்ள இருக்கே அக்கா" என்றாள். இதை நீ எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் காட்டிப் பதில் கேட்டு எழுது.

என் முகத்தை அந்தப் பெட்டியிலிருந்து எடு. கடைகளில் இருப்பதையும் திரும்ப வாங்கு. நீ சொன்னது பொய் என்பதை, என் படத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டாயோ அவ்வளவு பெரிதாகப் போடு. இந்த மாசம் முடிவதற்குள் நீ செய்யவில்லையென்றால் பலகையில் ஒட்டியதையே பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன், மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. குழந்தைக்கு இருமல் என்று மருமகள் சொன்னாள், டாக்டரிடம் காட்டுங்கள், டப்பாவில் இருப்பதையெல்லாம் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். நாளை பத்து மணிக்கு அத்தையைக் கைப்பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும், அந்தப் பெண் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்விடுகிறாள். லிஃப்ட் இல்லாத கட்டிடம், என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குகிறாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு தோள் இல்லை.

மூவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், அதை மட்டும் எந்தக் கோபத்திலும் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. பதிலைக் கடிதமாகவே எழுது, அத்தைக்குத் தனியாக ஒன்று எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா