வெந்த கைக்குக் களிம்பு வாங்க வேகாத விரல்

அனுப்புநர்
நீராவி இஸ்திரிக்காரி,
ஊழியர் எண் 117,
சலவைக் கூடம், மருத்துவமனைப் பின்கட்டு.

பெறுநர்
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
அதே மருத்துவமனை, முன்கட்டு, முதல் மாடி.

பொருள்: கைத் தழும்புக்கான களிம்பை, கைரேகை இல்லை என்று தர மறுப்பது தொடர்பாக.

பார்வை: தோல் மருத்துவரின் மருந்துச் சீட்டு (ஆறு முறை நீட்டியதில் ஓரம் கிழிந்துவிட்டது, பொறுத்தருளவும்).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வெள்ளைக் கோட்டின் கை மடிப்பு கத்தி போல நிற்பதாகத் தாங்கள் ஒருமுறை பாராட்டியதைச் சலவை மேஸ்திரி என்னிடம் சொன்னார். பதினாறு ஆண்டுகளாக அந்த மடிப்பு என் கைவேலை. கடந்த எட்டு மாதங்களாக அது சரியில்லை என்றால், காரணம் கீழே உள்ளது.

2. எட்டு மாதங்களுக்கு முன், இஸ்திரி இயந்திரத்தின் மேல்தட்டு பிடி கழன்று, படுக்கை விரிப்பை நீவிக்கொண்டிருந்த என் இரு கைகள் மீதும் இறங்கியது. உள்ளங்கைகளும் பத்து விரல் நுனிகளும் வெந்தன. புண் ஆறியது. ஆறிய இடத்தில் தோல் தடித்து இறுகி, விரல்களை இழுத்துப் பிடித்துக்கொண்டது. என் ரவிக்கை ஹூக்கை இப்போது கணவர்தான் மாட்டிவிடுகிறார். அவர் பேருந்து ஓட்டுநர். எத்தனையோ வளைவுகளில் வண்டியைத் திருப்பியவருக்கு அந்த ஹூக் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

3. தோல் மருத்துவர் அம்மா, வைட்டமின் ஏ-யிலிருந்து செய்யப்படும் ஒரு களிம்பை எழுதினார். "முதல்ல சிவக்கும், உரியும், பயப்படாதீங்க. தழும்பு கொஞ்சம் இளகும். முழுசா போயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா தழும்பு பழசாயிட்டா இளகறது கஷ்டம், இப்பவே போடணும்" என்றார். முதல் ட்யூபைத் தம் மேசையிலிருந்து எடுத்து அவரே தந்தார். தினமும் படுக்கப் போகுமுன் தடவினேன், கணவர் நீவிவிட்டார், சொன்ன பயிற்சியெல்லாம் செய்தேன். பத்தாவது வாரம் என் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. அன்று அழுதுவிட்டேன். மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

4. அடுத்த ட்யூபுக்கு மருந்துக் கவுண்டருக்குப் போனேன். மருந்து திருட்டுப் போகாமல் இருக்க அங்கே ரேகை இயந்திரம் வைத்திருக்கிறீர்கள். மிக நல்ல ஏற்பாடு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணாடியில் வைத்து அழுத்தவும் சொல்வார்கள் என்பதை இங்கேதான் அறிந்தேன். பத்து விரல்களையும் வைத்தேன். "விரல் இல்லை" என்று பத்து முறையும் காட்டியது.

5. கவுண்டர் எழுத்தர் தங்கமானவர். என்னைப் பல வருடமாகத் தெரியும், அக்கா என்றுதான் கூப்பிடுவார். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார், ஈரம் பண்ணி வைக்கச் சொன்னார், பிறகு "நாளைக்கு வந்து பாருங்கக்கா" என்றார். ஒரே ராத்திரியில் ரேகை முளைத்துவிடும் என்று நம்பினார் போலும். எனக்குப் பதிலாக ஒருவரைப் பதியலாமாம். பதிய என் ரேகை வேண்டுமாம். பொறுக்க முடியாமல் என் கணவர் தம் விரலை வைத்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது. அப்போது எழுத்தர் சொன்னது: "அவருக்கு ரேகை இருக்கு, நோய் இல்ல. உங்களுக்கு நோய் இருக்கு, ரேகை இல்ல. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா குடுத்துடலாம்கா." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, ஐயா.

6. தலைமை மருந்தாளுநரிடம் முறையிட்டேன். "வைட்டமின் ஏ-தானே? கேரட் சாப்பிடுங்க" என்று யோசனை சொன்னார். மூன்று கிலோ தின்றேன். கை அப்படியே இருக்கிறது. பார்வைக்கு மட்டும் குறையில்லை. கவுண்டருக்கு மேலே "நோயாளியே எங்கள் முதல் அக்கறை" என்று எழுதியிருப்பதை வாசலிலிருந்தே படிக்க முடிகிறது.

7. இம்மாதம் 28-ஆம் தேதி தகுதிக் குழு முன் நான் இஸ்திரிப் பிடியைப் பிடித்துக் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். வெளிக்கடையில் வாங்க வசதியில்லாமல் களிம்பு நின்று ஏழு வாரமாகிறது. தொட்டுக்கொண்ட இரு விரல்களும் மறுபடி விலகிவிட்டன. நடுவில் ஒரு பென்சில் நுழைகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

8. ஆகவே, என் கையொப்பத்தையோ, இத்தனை வருடமாக இங்கே எல்லாருக்கும் தெரிந்த என் முகத்தையோ ஏற்றுக்கொண்டு, களிம்பைத் தர இந்த வாரமே உத்தரவிடும்படி வேண்டுகிறேன். ஒன்பதாவது மாதமும் இப்படியே போய்விட்டால் களிம்பு வந்தும் பயனிராது. பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதியதால் எழுத்து கோணலாக உள்ளது.

இடம்: சலவைக் கூடம், கொதிகலன் எதிரில்
நாள்: 11-ஆம் தேதி, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்)
இஸ்திரிக்காரி, எண் 117

குறிப்பு: ரேகை இல்லாத புகாரைப் பதிய முடியாது என்று தங்கள் புகார்ப் பிரிவில் சொன்னார்கள். ஆகவே கையொப்பத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மை கொட்டிவிட்டது என்று நினைத்து மனுவைத் தள்ளிவிட வேண்டாம். அது என் கட்டைவிரல்.