தம்பி வீட்டுப் பக்கத்துச் சுவர்

மார்ச் 4

டாக்டரம்மா தைக்கக் கொடுத்த பட்டுத் துணி போயிற்று. ரவிக்கை தைத்து, இஸ்திரி போட்டு, போன வாரமே மாடித் தையல் அறையில் சுவரோரம் மாட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசணம். சுவரைத் தொட்டால் கை ஈரமாகிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெளிப்பூச்சு பாதி உப்பி, பாதி உதிர்ந்து, செங்கல் பல்லை இளிக்கிறது.

இவரிடம் காட்டினேன். "எல்லாம் அவன் வீட்டுக் கூரைத் தண்ணி" என்று அதே பழைய பல்லவி. அவன் என்றால் பக்கத்து வீட்டில் இருக்கும் இவருடைய சொந்தத் தம்பி. அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கள் சுவரை நனைக்கிறது என்று தொடங்கிய சண்டை. பேச்சு நின்றபோது என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். இப்போது வேலைக்குப் போகிறான்.

டாக்டரம்மாவுக்கு யார் பதில் சொல்வது? நான்தான்.

மார்ச் 6

மேஸ்திரி வருகிறேன் என்றார். வரவில்லை.

மார்ச் 7

இன்றும் இல்லை. போன் போட்டால் "கிளம்பிட்டேம்மா" என்கிறார். எங்கிருந்து கிளம்பினாரோ, எந்த ஊருக்கோ.

மார்ச் 9

ஒருவழியாக வந்தார். எவ்வளவு ஆகும் என்றேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, சுத்தியல் காம்பால் தட்டித் தட்டிக் கேட்டார். "உதிர்ந்தது கொஞ்சம்தாம்மா. ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி நடிக்கிறதுதான் நிறைய. அத்தனையும் கொத்தி எடுக்கணும்." விலை ஏறியது. சுவரைச் சரி செய்கிறேன் என்று இவர் வருஷா வருஷம் மாடியிலிருந்து நீளக் கம்பில் பிரஷைக் கட்டி அடித்த ரப்பர் பெயின்டைச் சுரண்ட வேண்டுமாம். அதற்கும் ஏறியது. புதுப் பூச்சு பழைய சொரசொரப்போடு சேர வேண்டுமென்றால் கைவேலை, சேராவிட்டாலும் பரவாயில்லை என்றால் குறையும் என்றார். இவர் உடனே, "சேரணும்." அந்தச் சுவரைப் பார்க்கிற ஒரே ஆள் இவர் தம்பி. யார் கண்ணுக்காக இந்த அழகு?

கடைசியில்தான் பெரிய குண்டு. கீழே தரையில் கால் ஊன்றிச் சாரம் கட்டினால் ஒரு விலை. மாடியிலிருந்து தொங்கவிட்டு வேலை செய்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே இருப்பது தம்பி வீட்டு இடம்.

"தொங்கவிட்டே பண்ணுங்க" என்றார் இவர், ஏதோ ராஜா மாதிரி. அந்த இரண்டாவது மடங்கு எங்கிருந்து வரும்? துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்க நான் சேர்த்து வைத்திருக்கிறேனே, அதிலிருந்து.

மார்ச் 10

நானே பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஓரகத்தியும் நானும் கடையில் பார்த்தால் பேசிக்கொள்வோம்தான், வீட்டில் சொல்வதில்லை. கொழுந்தன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "தாராளமா கட்டட்டும் அண்ணி. அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், அவ்வளவுதான்."

வந்து இவரிடம் சொன்னேன். "அவன்கிட்ட போய் நான் நிக்கணுமா? செவுரே விழுந்தாலும் சரி."

விழட்டுமாம். விழுந்தா இவர் தலையிலயா விழப்போகுது? என் மெஷின் மேலதானே. ரெண்டும் ஒரே அச்சு. மாமியார் எதைத் தின்னுட்டு இதுங்களைப் பெத்தாங்களோ.

மார்ச் 13

மகனை விட்டுத் தையல் மெஷினைக் கீழே இறக்கினேன். ஹாலில், டிவிக்கு நேர் முன்னால், இவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி. "இங்க ஏன்?" என்றார். "செவுரு விழப்போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மார்ச் 16

அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லாம் இப்போது ஹாலுக்குத்தான். ஒவ்வொரு முறையும் இவர் பனியனோடு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடுகிறார். டீயில் நூல் கிடந்ததாம். கிடக்கட்டும். எனக்கும் இது சுகமில்லை, வெளிச்சம் போதாமல் கண் வலிக்கிறது. ஆனால் நகர மாட்டேன்.

மார்ச் 18

போனார்! சட்டை மாட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். தம்பி ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் கேட்டைப் பார்த்து, "சாரம் கட்டணும்" என்றார். தம்பி ஸ்கூட்டரைப் பார்த்து, "கட்டிக்கட்டும்" என்றார். முடிந்தது. கேட்டும் ஸ்கூட்டரும் சமாதானம் ஆகிவிட்டன.

மார்ச் 22

சாரம் கட்டியாயிற்று. பூச்சைக் கொத்திக்கொண்டே போன மேஸ்திரி என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். இவரும் பின்னாலேயே வந்தார். உடைந்த குழாய் ஒன்று சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. எங்கள் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற குழாய். மாடி கட்டியபோது, வெளியில் தெரிந்தால் அசிங்கம் என்று அதைச் சுவருக்குள் வைக்கச் சொன்னது இவர்தான்.

"பக்கத்து வீட்டுத் தண்ணி இவ்வளவு உள்ள வராது சார். இது உங்க தண்ணி. பெயின்ட் அடிச்சு அடிச்சு அதை வெளிய போகவும் விடல" என்றார் மேஸ்திரி. கீழே கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கும். அவர் உள்ளே போய்விட்டார்.

மார்ச் 23

இவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 25

குழாயை வெளியில் எடுத்துவிட வேண்டும், அதற்குத் தனிக் கூலி. காரணத்தை விட்டுவிட்டுப் பூசினால் அடுத்த மழைக்கு மறுபடி கூப்பிடுவீர்கள் என்கிறார் மேஸ்திரி. அப்படியும் தொங்கு சாரத்தின் விலைக்குக் கீழேதான் நிற்கிறது. என் ஓவர்லாக் மெஷின் தப்பித்தது. வேலையாட்களுக்கு ஓரகத்தி டீ கொடுக்கிறாள். ஜன்னல் வழியே இவர் அதைப் பார்த்துவிட்டு எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போகிறார்.

மார்ச் 29

பூசி முடிந்தது. சாரம் பிரித்தாயிற்று. போகும்போது மேஸ்திரி சொன்னது: காலையும் மாலையும் சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், காயவிட்டால் விரிசல் விட்டு எல்லாப் பணமும் வீண். அதற்கு ஆள் வைத்தால் தனிக் கூலி. நனைக்க வேண்டியது கீழேயிருந்து, அதாவது தம்பி இடத்திலிருந்து. இவர் என்னைப் பார்த்தார். "இந்தத் தடவை நான் போக மாட்டேன்" என்றேன்.

மார்ச் 30

காலையில் தையல் அறையைப் பெருக்கப் போனேன். வெளியே தண்ணீர் அடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் கொழுந்தன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஹோஸ் பைப்போடு, எங்கள் சுவரை நனைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. இந்தச் சுவரை நனைக்கிறார் என்றுதானே இத்தனை வருஷம் அவரோடு பேசாமல் இருந்தோம். எனக்குக் கோபம் வந்தது, இவர் மேல்.

இவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. என்னை விலக்கிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மேல காயுது பாரு. மேல விடுடா."

கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தார். ஹோஸை மேலே உயர்த்தினார். "ஜன்னலை மூடுண்ணே. உள்ள தெறிக்கும்."

இவர் மூடவில்லை. முகமெல்லாம் தண்ணீரோடு அங்கேயே நின்றார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு, மெஷினை மேலே ஏற்ற மகனைக் கூப்பிடப் போனேன்.