கச்சிதமான செருப்பு

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? அக்கா வந்து எட்டிப் பார்க்கிறாளா?

இங்க எங்க ஜெபக்குழுவுல, தனியா கஷ்டப்படுற வயசானவங்களுக்கு ஆளுக்கொரு பரிசு கொடுக்கலாம்னு முடிவு பண்ணினோம். நான் எதிர்வீட்டு அம்மாவுக்குச் செருப்பு வாங்கினேன். ஆளு அப்படியே உங்க வாகு. குழுவுல "அளவு கேட்டுக்கோ"ன்னாங்க. ஹோட்டல் சலவைக்கூடத்துல நாள் பூரா அளவு பார்த்து யூனிஃபார்ம் அடுக்குறவன் இல்லையா, அந்தத் திமிர். "எங்கம்மா கால் அளவு எனக்குத் தெரியாதா?"ன்னு, உங்களுக்கு அனுப்பின செருப்போட அதே அளவுல வாங்கிட்டேன்.

பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிக் கொடுத்தோம். அந்தம்மா உடனே போட்டுக்கிட்டாங்க. கால் வீங்கியிருந்ததால விரலெல்லாம் மடங்கி, குதிகால் பாதி வெளியே நிக்குது. ஆனாலும் "கச்சிதமா இருக்கு தம்பி"ன்னு சிரிச்சாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

போன்ல நீங்களும் இதையேதானே சொன்னீங்க?

அவங்களுக்கு மாத்திக் கொடுத்தாச்சு, கவலைப்படாதீங்க. உங்களைப் போன்ல கேட்டா மழுப்பிடுவீங்க, அதான் எழுதுறேன். ஒரு தாள்ல காலை வச்சு, அக்காகிட்ட அதைச் சுத்தி வரையச் சொல்லி, அந்தத் தாளையே மடிச்சு அனுப்புங்க. காலையில வேணாம், சாயங்காலம் வீக்கத்தோட வரையட்டும்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. வரையும்போது எனக்காகக் காலைச் சுருக்கிக்காதீங்க அம்மா.

உங்க மகன்