பெயர்ப்பலகைக்கு ஒரு கத்தி

4-5-2007, வெள்ளி
பல்லாவரம் சந்தையில் ஒரு கத்தி வாங்கினேன். மடக்குக் கத்தி இல்லை. அலகு என் நடுவிரல் நீளம். அலகின் இரும்பு, பிடிக்குள்ளும் கடைசிவரை ஓடுகிறது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. கூர் மட்டும் மொண்ணை, என்னைப் போல.

மகள் துர்காவும் மாப்பிள்ளை குமரவேலும் அனகாபுத்தூரில் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். இரண்டு பேர் சம்பளமும் அதில்தான் போயிருக்கிறது. வாசலுக்குப் பெயர்ப்பலகை என் கையால் செதுக்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மஹாலட்சுமி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஆணியை நேராக அடிக்காத புருஷன் என்றால் சிரிக்கத்தானே செய்வாள்.

6-5, ஞாயிறு
சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். நல்லா அழுத்திப் பிடிங்க என்று நான்தான் சொன்னேன். பொறி பறந்தது. விளிம்பு நீலமானது. அழகாக இருக்கிறதென்று மெச்சிக்கொண்டேன். அறிவாளி.

7-5, திங்கள்
தேக்குப் பலகையில் இரண்டு இழுப்பு. விளிம்பு மடிந்துவிட்டது. சூடேறி இரும்பு இளகிப் போயிருக்கிறது — அதுதான் நீலம். அது போகிறவரை கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

13-5, ஞாயிறு
நீலம் போயிற்று. விளிம்பின் சரிவை அகலமாக, மரத்தில் படுத்து ஓடுகிற மாதிரி தீட்டினேன். பிறகு பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் இழுத்தேன். பேப்பர் சத்தமில்லாமல் அறுகிறது. ரோமத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து இடது கை மொட்டை. வெங்காயம் நறுக்கவென்று எடுத்துப்போன மஹாலட்சுமி அதைத் தேங்காய் ஓட்டில் குத்தி முனையை உடைத்தாள். மறுபடியும் கல். "ஒரு கத்திக்கு இவ்ளோ பேஜாரா?" என்கிறாள்.

20-5, ஞாயிறு
முடித்தேன். எழுத்து மட்டும் எழும்பி நிற்க, சுற்றிலும் மரத்தை எடுத்தேன். மேலே துர்கா, கீழே குமரவேல். அந்த 'ர்' புள்ளிக்கே அரை நாள். பொண்ணு பேரா மேல என்று மஹாலட்சுமி இழுத்தாள். என் பொண்ணு, என் பலகை என்றேன். பெரிய வீரன்.

25-5, வெள்ளி
பலகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். சம்பந்தியம்மா பொன்னியம்மாள் கையில்கூட வாங்கவில்லை. "எம்புள்ள பேரு கீழ கீது. வாசல்ல பொம்பள பேரு எதுக்குங்க, இதென்னா ரேஷன் கார்டா?" மாப்பிள்ளை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்த போன்.

27-5, ஞாயிறு
துர்கா பலகையோடு வந்தாள்.
"என் பேரை மட்டும் எடுத்துடுப்பா. நான் அங்கதானே இருக்கணும்."
கத்தி மொண்ணையாயிடுச்சும்மா என்றேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பேப்பர் அறுத்துக் காட்டியவன் நான்.
"குடு" என்று கையை நீட்டினாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். தரையில் வைத்தேன். சண்டையாவது வந்திருக்கலாம்.
அவளே உட்கார்ந்து சீவினாள். முதலில் தயங்கினாள், அப்புறம் பழகிவிட்டது. எங்கும் சிக்கவில்லை, ஒரு மரச் சிலாம்புகூடக் கிளம்பவில்லை. நான் தீட்டிய கூர் அப்படி.

30-5, புதன்
கிரகப்பிரவேசம். பால் நன்றாகப் பொங்கியது. பலகையை மாட்டிவிட்டார்கள். மேல்பாதி சும்மா கிடக்கிறதே, அங்கே ஒரு பிள்ளையார் ஒட்டலாமே என்றார் மாப்பிள்ளையின் மாமா. நல்ல ஐடியா என்றாள் துர்கா, அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே.