லேப்டாப் சூடும் அம்மாவின் குரலும்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பூனையும் இங்கே நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நீ விட்டுப்போன லேப்டாப்பில் அவள் தட்டுவாள், அது வாசித்துக் காட்டும், எங்கள் சண்டைகூட அப்படித்தான் நடந்தது. கொஞ்ச நாளாக அது இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது, விசிறி வேறு இரைந்தது, பழசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். போன வாரம் ஒரு சாயங்காலம் அம்மா கட்டிலில் சாய்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், எனக்கு" என்று வாசித்தது, அத்தோடு பட்டென்று அணைந்துவிட்டது. நான் புத்திகெட்டுப்போய், அப்பாடா தப்பிச்சேன் என்று சிரித்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பேனாவும் காகிதமும் நீட்டினேன், தள்ளிவிட்டாள்.

பஸ் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை இன்ஜின் சூட்டைப் பார்த்தவன் நான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை, நன்றாக ஆறிய பிறகு, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டேன். விசிறியோரம் தூசியும் பூனை முடியும் சேர்ந்து மெத்தையாக அடைத்திருந்தது, காற்று எங்கே போகும்? விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுத்தேன். மூடிய பிறகு ஒரு திருகு மிச்சமாகிவிட்டது, அதை அம்மாவிடம் உளறிவிடாதே. மேசையில் வைத்துப் போட்டோம், சூடே இல்லை. அம்மா வெகுநேரம் விசைகளையே பார்த்துவிட்டுத் தட்டினாள். "எனக்கு இனிமே குரலே வராதோன்னு பயமா இருக்குங்க, கிளாஸ்ல பிள்ளைங்க முன்னாடி எப்படி நிப்பேன்?" என்றது. எனக்கும் அதே பயம்தான் என்றேன். இத்தனை நாளும் ஆளுக்கொரு தைரிய முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறோம் பார். அப்புறம்தான் மனசுவிட்டுப் பேசினோம்.

நீயும் போர்வைமேல் லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறவள்தானே, வேண்டாம் கண்ணு, மேசையில் வை, காற்றுத் துளைகளை அடைக்காதே, அணைக்காமல் பையில் திணிக்காதே.

நல்ல சேதியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். முதல் வார்த்தை உன் பெயராகத்தான் இருக்கும், பதிவு பண்ணி உனக்கு அனுப்பலாம் என்று போனைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் அவள் பின்னாலேயே திரிந்தேன். சமையலறையில் திரும்பி என்னைப் பார்த்து, "பால் பொங்குது, அடுப்ப அணைங்க" என்றாள். கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் அவள் குரலேதான். பால் அத்தனையும் வழிந்து ஓடியது சின்னு, நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய், அவளை அதிகம் பேசவிடாமல் நீயே பேசு, அழுது வைக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா