வேண்டாம் என்றது நான்தான்

மகனுக்கு,

கூடைப்பந்து கிளப் கூட்டத்தில் உன்னை அணியில் சேர்க்க வேண்டாம் என்றது நான்தான். "பேர் போன சென்டர் ஆட்டக்காரன், முப்பத்தெட்டு வயசானா என்ன? பெத்த அப்பனே குழி பறிக்கலாமா?" என்றார் மேனேஜர். பறித்தேன்.

டாக்டர் உன்னை மேசையில் படுக்கவைத்துப் பார்த்து, ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். நான் படிக்காதவன், பதினெட்டு வருடமாக இந்தக் கிளப்பில் உன் வலது முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறவன். தேர்வு ஆட்டத்தில் ஒன்பது முறை எம்பினாய். ஒன்பது முறையும் இடது காலில் மட்டுமே இறங்கினாய். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

"மாமா, அவர் ரெண்டு நாளா சாப்பிடல. கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?" என்று உன் மனைவி போனில் அழுதாள். மாற்ற மாட்டேன்.

கோபம் தீர வேண்டாம். பத்து வருடம் கழித்தும் இந்த மாடிப்படி ஏறி வந்து என்னைத் திட்டு. ஊன்றுகோல் இல்லாமல் வந்தால் போதும்.

அப்பா